பிள்ளையைக் கொண்டுவந்தவர் யார்?

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் கலியாணப் படத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் கழுத்து மடிப்பைப் பார்ப்பார். தொப்புள் காய்ந்துவிட்டதா, நகம் வெட்டியிருக்கிறதா, பால் கரைக்கும் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கிறதா என்று பார்ப்பார். இராத்திரியில் அழுதால் யார் எழும்புகிறார்கள் என்று கேட்பார். வேலணைத் தீவில் சாட்டியையும் அயல் குறிச்சிகளையும் பொறுப்பெடுத்து நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரிடம், இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சோடியாக வாழ்ந்து பிள்ளை வளர்ப்பது சரியா என்று கேட்டால், அவருடைய பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். தீவுப்பகுதியில் மனிதர் குறைவு. அவர் சொல்லும் வீடுகளைப் பெயரில்லாமலே அடையாளம் கண்டுவிடுவார்கள். ஊர் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டது, இன்றும் கூப்பிடுகிறது.

சாட்டி என்றதும் வெளியூராருக்கு வெண்மணல் கடற்கரையும் சிந்தாத்திரை மாதா கோயிலும் நினைவுக்கு வரும். தீவாருக்கு முதலில் வருவது நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிலும் உவர் நீர் இருக்க, சாட்டி மணலுக்குக் கீழே குடிதண்ணீர் கிடக்கிறது. அந்த மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, பையில் பதிவேடுகளும் தொங்குதராசுமாக மிஸ் வீடு வீடாகப் போனார். நிறுவை நாளில் தராசை வேப்பமரக் கிளையில் கட்டுவார். துணிக் காற்சட்டைக்குள் இரண்டு கால்களையும் நுழைத்துத் தொங்கவிட்டால் எந்தப் பிள்ளையும் வீரிட்டு அழும். அழுகை ஓய்ந்து முள் நிற்கும் கணத்தில் எடையைப் பார்த்துவிட வேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் புள்ளி குத்தி, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பார். கோடு மேலே போனால் நிம்மதி. கிடையாகப் போனால் அந்த வீட்டுக்கு இன்னொரு நடை.

அந்தக் கோட்டுக்குத் தகப்பன் யார், தாய் யார், அவர்கள் எழுத்து முடித்தவர்களா என்பதெல்லாம் தெரியாது. மிஸ் பேச்சுக்கிடையில் திரும்பத் திரும்ப வரும் இடம் இதுதான்.

1990இல் சண்டை தீவுப்பகுதிக்கு வந்தபோது சனம் பெருவாரியாகக் குடாநாட்டுக்கு ஓடியது. பிறகு திரும்பியவர்களில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் குறைவு. அம்மம்மாவும் பேரனும் வந்தார்கள். புருசனைப் பறிகொடுத்த பெண்ணும் அவளுடைய மணமாகாத தங்கையும் வந்தார்கள். காணாமற்போனவர், சுவிசுக்கும் பிரான்சுக்கும் போனவர், போய்ச் சேர்ந்தாரா என்றே தெரியாதவர் என்று ஆண்களின் இடம் பல வீடுகளில் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் வீடுகள் மிஸ்ஸுடைய பதிவேட்டில் ஏராளம். ஊர் அவர்களைக் குறை சொல்லவில்லை. “அக்காவும் தங்கச்சியுமாய் ஒரு குறையும் விடாமல் வளக்கினம்” என்று மெச்சியது. பிள்ளைக்கு ஆண் துணை இல்லையே, முன்மாதிரி இல்லையே என்று ஒருவரும் கவலைப்பட்டதாக அவருக்கு நினைவில்லை.

இடம்பெயர்ந்திருந்த நாளில் தாயை இழந்த பச்சைப்பிள்ளையை அம்மம்மா ஒருத்தி விடாமல் தன் மார்பில் போட்டுக்கொண்டே இருந்ததையும், சில கிழமை போக அவருக்குப் பால் சுரந்ததையும் மிஸ் கண்ணால் கண்டிருக்கிறார். சப்பச் சப்ப உடம்பு இசையும். பெறாதவளுக்கும் சுரக்கும்.

பிறகுதான் அந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை, புருசன் இல்லாமற்போன கதையை அவள் சொன்னதில்லை, மிஸ்ஸும் துருவவில்லை. மற்றவள் தையல் வேலை செய்தாள். ஒரே வளவு, ஒரே அடுப்பு. குழந்தை தவழத் தொடங்கிய காலத்தில் பெற்றவள் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். அதன்பின் நிறுவைக்கும் தடுப்பூசிக்கும் பிள்ளையைத் தூக்கி வந்தது தையற்காரிதான். பதிவேட்டில் பிள்ளையைக் கொண்டுவந்தவரின் உறவுமுறையைக் குறிக்க வேண்டும்.

“என்ன முறை எண்டு எழுத?”

“சின்னம்மா எண்டு போடுங்கோ, மிஸ்.”

போட்டார். இருவரும் உடன்பிறந்தவர்கள் இல்லை என்பது மிஸ்ஸுக்குத் தெரியும். அவர்களுக்கிடையில் இருந்தது வேறு நேசம் என்பதும் தெரியும். பிள்ளை பிறந்து பத்து நாளைக்குள் இரண்டு தரம் படலை திறந்து உள்ளே போகிற ஒருவருக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் எதுவும் இராது.

ஒரு மாரியில் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்கு ஊரெல்லாம் பரவியிருந்த சமயம். தையற்காரி மிஸ்ஸிடம் ஓடிவந்தபோது கையில் ஒரு கொப்பித் தாள். இரவு 11 மணி, 102. ஒரு மணி, பனடோல், 101. இளநீர் அரைக் கோப்பை. இரண்டரை, சலம் போனது, நிறம் கடும் மஞ்சள். நாலு மணி, கஞ்சித் தண்ணீர் மூன்று கரண்டி, ஒரு கரண்டி சத்தி. பயிற்சி பெற்ற தாதிகூட இதைவிடத் திறமாக எழுதியிருக்க மாட்டார் என்கிறார் மிஸ். அந்தத் தாளோடு பண்ணைப் பாலம் கடந்து பட்டணத்து வைத்தியசாலை ஒன்றுக்குப் போனார்கள். விடுதி வாசலில் “தாய் எங்கே?” என்று கேட்டார்கள். குவைத்தில். “இரத்த உறவு ஆரும்?” பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் பட்டணத்தில் இருந்தார். பிள்ளையை வருடக்கணக்காக எட்டிப் பார்க்காதவர். அவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் போட்டுவிட்டுப் போனார். கொப்பித் தாளை எழுதியவள் பார்வையாளர் நேரம் வரும்வரை வெளி வாங்கில் இருந்தாள்.

பிள்ளை பிழைத்தது. அந்த விடுதியில் எவரும் கெட்டவர்கள் இல்லை, விதிப்படி நடந்தார்கள். விதிக்கு அவள் யாருமில்லை. சட்டத்தின் பேரால் தண்டிக்கப்பட்டது இரண்டு பெண்களின் நேசம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். உண்மையில் அன்றிரவு காய்ச்சலோடு ஆளில்லாமல் படுத்திருந்தது மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை.

அந்த வீட்டைப் பற்றிக் கதை கசிந்தபின் ஊரின் குரல் மாறியது. முன்பு மெச்சிய அதே வாய்கள் “பிள்ளையின்ர எதிர்காலம் என்னாகிறது?” என்றன. வீட்டில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அதே கஞ்சி, அதே கொப்பி, அதே இரண்டு பெண்கள். இரண்டு பெண்கள் பிள்ளை வளர்க்கலாம் என்று தீவு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்பாதது அவர்களுக்கிடையில் உள்ள நேசத்தை. அப்படியானால் வாதம் பிள்ளையைப் பற்றியது என்று சொல்வது நேர்மையாகாது. இதை மிஸ் கோபத்தோடுதான் சொல்கிறார். அந்தக் கோபம் நியாயமானது.

சட்டத்தின் கதை நீளம். 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இலங்கையில் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் வந்து, அதுவரை ஆண்களை மட்டும் சொன்ன 365ஏ பிரிவுக்குள் பெண்களையும் கொண்டுவந்தது. 2016இல் உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு நடந்துகொண்டதற்குச் சிறை தகாது என்று ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் சட்டம் அப்படியே நின்றது. அந்தக் குற்றத்தை நீக்கப் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் அதே நீதிமன்றம் தீர்மானித்தும் அது சட்டமாகவில்லை. பிள்ளை தத்தெடுப்பதை 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. இருவர் சேர்ந்து தத்தெடுப்பதானால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். தனியாளானால் 25 வயது கடந்தவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். ஆக, சோடியில் ஒருவர் தாயாகலாம். மற்றவர் விடுதி வாசலோடு நிற்க வேண்டியவர்.

யாழ்ப்பாணத்தின் பழைய வழமை இதைவிட இறுக்கமானதாக இருந்திருக்கும் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த தேசவழமையில் பிள்ளை சுவீகாரத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. பிள்ளையில்லாத கணவன் மனைவி இன்னொருவர் பிள்ளையை எடுத்து வளர்க்க விரும்பினால் உரித்தாளர்களான உறவினரைக் கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். வண்ணாரும் அம்பட்டரும் சாட்சியாக நிற்க மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். சம்மதித்த உறவினர் அந்தத் தண்ணீரில் விரல் தோய்ப்பார்கள். அது கணவன் மனைவிக்குச் சொன்ன முறைதான். சாதிக் கட்டுமானத்தில் நின்ற முறையும்தான். அதைத் திரும்பக் கொண்டுவா என்று எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இரத்தம் தராத பெற்றார்த்தனம் ஒன்று உண்டு, ஊரறிய ஏற்றுக்கொண்டால் அது செல்லும் என்பதை முந்நூறு வருடத்துக்கு முன்பே இந்த மண் எழுதி வைத்திருக்கிறது. உரித்தும் சாட்சியும் கேட்டார்களே தவிர, பெற்ற வயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

பிள்ளைகள் உண்மையில் எப்படி வளர்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1970களில் இங்கிலாந்தில் மணமுறிவு வழக்குகளில், தாய் பெண்ணை நேசிப்பவள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகள் அவளிடமிருந்து பறிக்கப்பட்டார்கள். சூசன் கொலம்பொக் அப்போதுதான் கேட்டார்: பிள்ளைக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் எங்கே? 1983இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அப்படிப்பட்ட 27 வீடுகளின் 37 பிள்ளைகளை, தனித்து வளர்த்த மற்றத் தாய்மாரின் 38 பிள்ளைகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். கேடு காணவில்லை. அமெரிக்காவில் நனெட் கார்ட்ரெல் 1986இல் தொடங்கிய ஆய்வு பிள்ளைகள் பிறக்கும் முன்பிருந்தே குடும்பங்களைத் தொடர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் 77 பேர் 25 வயதானபோது அவர்களுடைய மனநலம் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை என்று 2018இல் எழுதினார்கள்.

எதிராகச் சொன்ன ஆய்வும் உண்டு. 2012இல் மார்க் ரெக்னெரஸ் வெளியிட்டது. ஆனால் அவர் கணக்கில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் முறிந்துபோன ஆண் பெண் மணங்களில் பிறந்தவர்கள். நிலையான ஒரு சோடியிடம் தொடர்ந்து வளர்ந்தவர்கள் மிகச் சொற்பம். வீடு உடைந்த வலியை இன்னொன்றின் தலையில் கட்டுவது எடை பார்க்கும்போது பிள்ளையோடு சேர்த்துக் கூடையையும் நிறுப்பது போன்றது.

அந்த ஆய்வாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் சாட்சி சொன்ன வழக்கை மிஸ்ஸுக்கு விவரித்தபோது அவர் கதிரையை நகர்த்திக் கிட்ட வந்தார். காரணம், வழக்குப் போட்டவர்கள் இருவரும் தாதிகள். ஏப்ரில் டிபோயர் குறைமாதக் குழந்தைகள் பிரிவில், ஜெயின் ரௌஸ் அவசர சிகிச்சைப் பிரிவில். அவர்கள் எடுத்து வளர்த்த பிள்ளைகளில் ஒருவன் 25ஆம் கிழமையில், 700 கிராம் அளவில் பிறந்து, பிழைக்க மாட்டான் என்று சொல்லப்பட்டவன். அந்த மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளையையும் இருவரில் ஒருவர்தான் தத்தெடுக்க முடிந்தது. 2011இல் ஒரு தெருவிபத்திலிருந்து மயிரிழையில் தப்பியபின் உயில் எழுதப் போனார்கள். ஒருவர் செத்தால் மற்றவருக்கு அந்தப் பிள்ளை மீது உரிமை இல்லை என்பது அங்கேதான் முழுதாக உறைத்தது. 2012இல் வழக்கு. 2014 மார்ச்சில் நீதிபதி பேர்னாட் ஃப்ரீட்மன் அந்த ஆய்வாளரின் சாட்சியத்தை நம்பவே முடியாதது என்று தள்ளி அவர்கள் பக்கம் தீர்த்தார். வழக்கு மேலே போய், 2015 ஜூன் 26இல் நாடு முழுவதும் ஒருபால் மணத்தை ஏற்ற தீர்ப்பில் சேர்ந்தது. அந்த ஓகஸ்டில் அவர்களுக்கு மணம் செய்துவைத்தவரும் ஃப்ரீட்மன்தான்.

“700 கிராம்” என்று மட்டும் மிஸ் திரும்பச் சொன்னார். அந்த எடையில் பிறந்த பிள்ளைக்குப் பாலூட்டுவது, சூடு காப்பது, மூச்சைக் கவனிப்பது எல்லாம் என்ன வேலை என்று அவருக்குத்தான் தெரியும்.

கிட்டடியில் கோழிக்கோட்டில் நடந்ததை அவர் தாமாகவே பத்திரிகையில் பின்தொடர்ந்திருந்தார். ஜஹாத் திருநம்பி, ஜியா திருநங்கை. முதலில் தத்தெடுக்க எண்ணி, சட்டச் சிக்கலால் கைவிட்டார்கள். ஜஹாத் தன் பால்மாற்றச் சிகிச்சையை இடையில் நிறுத்திக் கர்ப்பம் சுமந்து, 2023 பெப்ரவரி 8இல் அரசு மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. மார்பகம் முன்பே அகற்றப்பட்டிருந்ததால் வைத்தியசாலையின் தாய்ப்பால் வங்கியிலிருந்து பாலூட்டுவது என்று ஏற்பாடு. உலகம் அந்தப் படங்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்தபோது மிஸ் தாய்ப்பால் வங்கி எப்படி இயங்குகிறது என்று வாசித்துக்கொண்டிருந்தார். பிறப்புச் சான்றிதழில் தகப்பன், தாய் என்ற கட்டங்கள் அவர்கள் இருவருக்கும் பொருந்தவில்லை. பெற்றோர் என்று போடக் கேட்டார்கள்; மறுக்கப்பட்டது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அப்படியே போட்டுக் கொடுக்கச் சொன்னது. பள்ளிக்கூடம், கடவுச்சீட்டு, வேலை என்று அந்தப் பிள்ளை போகுமிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் பெற்றோர் வழக்காடியதன் சாரம்.

இந்திய உச்ச நீதிமன்றமோ 2023 ஒக்டோபர் 17இல், மணமாகாத சோடிகள் சேர்ந்து தத்தெடுப்பதைத் தடுக்கும் விதியை மூன்றுக்கு இரண்டு என்று நிலைநிறுத்தியது. மாறுபட்ட இரு நீதிபதிகளில் ஒருவர் தலைமை நீதிபதி சந்திரசூட். மணமான சோடிதான் நல்ல பெற்றோர் என்பதற்கு ஆதாரமில்லை என்றார். ஒன்றரை வருடம் கழித்து, 2025 மேயில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியில்லை என்று ஒரு பெண்ணுக்கும் அவளுடைய தோழிக்குமான வழக்கில் எழுதியது. தமிழ்நாட்டுத் திருநங்கைகளுக்கு இது புதிதாக இராது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட சிறியவரை மூத்த திருநங்கை மகளாக ஏற்றுப் படிப்பிப்பதும் பார்ப்பதும் அவர்களிடையே பழைய முறை. தூத்துக்குடிக்காரரான கிரேஸ் பானு தம் மகள் தாரிகா பானுவுக்குச் சித்த மருத்துவப் படிப்பில் இடம் கேட்டு நீதிமன்றம்வரை போனார்.

மிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் இல்லை. பிள்ளை வேண்டும் என்ற ஆசை யாருக்கும் உரிமையாகாது என்கிறார். ஆண் பெண் தம்பதியருக்கும் அப்படித்தான். காசு கொடுத்து ஏழைப் பெண் ஒருத்தியின் வயிற்றை ஒன்பது மாதம் குத்தகைக்கு எடுப்பதை, கேட்பவர்கள் இரண்டு ஆண்களாயிருந்தாலும் சரி, கோயில் கட்டிக் கும்பிட்ட தம்பதியராயிருந்தாலும் சரி, அவர் ஒப்பமாட்டார். பிரசவத்தில் இரத்தப்பெருக்கு என்றால் என்னவென்று பார்த்தவர். அந்த ஆபத்துக்கு விலை பேசக் கூடாது என்பது அவருடைய முடிவு. விருப்பத்தோடு ஓர் அக்காவோ தோழியோ சுமந்து கொடுத்தால், பிறகும் அவள் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கலாம் என்றால், அது வேறு.

அடுத்தது உண்மை. யாழ்ப்பாணத்தில் எடுத்து வளர்த்த பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு வரும்வரை சொல்லாமல் மூடி வைத்த வீடுகளை அவர் அறிவார். வெளியிலிருந்து யாரோ வாய்தவறிச் சொல்ல, பிள்ளை உடைந்துபோனதையும் அறிவார். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். எடுத்தவர்கள் பெரும்பாலும் முறைப்படி மணமான தம்பதியர், கையில் முத்திரை குத்திய பத்திரங்கள். 2017இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சி தோண்டியெடுத்தபோது, போலித் தாய்மாரும் போலிப் பத்திரங்களும் வெளியே வந்தன. வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் இன்றும் தங்கள் தாய்மாரைத் தேடி வருகிறார்கள். இரண்டு அம்மாமாரோடு வளரும் பிள்ளையிடம் இப்படி மறைக்கவே வழியில்லை. நாலு வயதில் அது கேட்கும், சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வீடுகள் நேர்மையைத் தவிர்க்க முடியாத வீடுகள் என்பதை மிஸ் பெரிய பலமாகக் காண்கிறார். விந்து கொடுத்தவரின் அடையாளத்தை வளர்ந்தபின் பிள்ளை அறியலாம் என்று சுவீடன் 1985லேயே சட்டம் செய்ததைச் சொன்னபோது, “அது பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்தெல்லோ” என்றார்.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்பதுதான் கடைசியாக எல்லோரும் எடுக்கும் கேள்வி. செய்வார்கள். தகப்பன் காணாமற்போன பிள்ளையையும் செய்தார்கள், சாதி மாறிக் கட்டியவர்களின் பிள்ளையைத் தண்ணீர்ப் பானையடியில் தள்ளி நிறுத்தினார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் ஏன் பெற்றாய் என்று கேட்க மிஸ்ஸுக்கு மனம் வந்ததில்லை. தள்ளியவர்களின் வீட்டுக்குத்தான் போனார். திருத்த வேண்டிய இடம் எது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. இந்தக் கட்டுரைக்கும் இல்லை.

தையற்காரியின் வீட்டில் குவைத்துக்காரி ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்துவிட்டாள். மிச்சத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது மிஸ்ஸுக்கு வேலை கைபேசியில் வருகிறது. தீவாரில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிசிலும். உறவுக்காரப் பெண் ஒருத்தி ரொறன்ரோவில் தன் துணைவியோடு வாழ்கிறாள். துணைவிக்குக் குழந்தை பிறக்க இருந்தது. ஒன்ராறியோவில் 2017 ஜனவரி முதல் அமுலிலிருக்கும் சட்டப்படி இருவரும் பிறப்பிலிருந்தே பெற்றார். தத்தெடுக்கவோ நீதிமன்றம் போகவோ வேண்டாம். முன்கூட்டி எழுதிக்கொண்டால் நாலு பேர்வரைகூடப் பெற்றாராகப் பதியலாம். பெறப்போகாதவள் மிஸ்ஸிடம் கூச்சத்தோடு கேட்டாள்: “எனக்கும் பால் வருமே, அன்ரி?” அவள் ஊரிலேயே ஜாக் நியூமன் என்ற குழந்தை வைத்தியர் அதற்கென்று ஒரு முறை வகுத்திருப்பதை அவள் அறிந்திருந்தாள், கேட்டது தைரியத்துக்கு. மிஸ் அவளுக்கு அந்த அம்மம்மாவின் கதையைச் சொன்னார். பிறகு எத்தனை மணிக்கொரு தரம், எவ்வளவு நேரம் என்று விளக்கினார்.

பிள்ளையைக் கொண்டுவந்து சாட்டிக் கடலில் கால் நனைக்கவிட்டு மாதா கோயிலுக்கும் காட்ட வேண்டுமாம். மிஸ் வரச் சொல்லியிருக்கிறார், நிபந்தனைகளோடு. பிறப்புச் சான்றிதழின் பிரதி இரண்டு வேண்டும். மற்றவளும் வைத்தியத்துக்குச் சம்மதம் கொடுக்கலாம் என்று சட்டத்தரணி முன்னிலையில் எழுதிய கடிதம் வேண்டும்; இங்கே அது எவ்வளவு செல்லும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் பையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையை மறக்கக் கூடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அங்கே வழமையாகப் போடுவதில்லை, ஒரு மாதத்துக்கு முன்னமே டொக்டரைக் கேளுங்கோ. மாரிக்கு மட்டும் வராதேங்கோ, நுளம்பு.